பார்க்காமல் சொன்ன சொல்

தமிழில் முயல் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பாறைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போர்ட்லண்ட் தீவில், கல் குவாரியில் இறங்குகிறவன் காதுபட, அந்தப் பிராணியின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சம்மட்டி கீழே போகும், கோட்டு தோளில் ஏறும், அன்றைய வேலைக்கு முழுக்கு. இங்கிலாந்தில் மற்ற எல்லா ஊரிலும் குழந்தைகள் மழலையிலேயே சொல்லப் பழகுகிற அற்பச் சொல் அது. வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் விவரம் தெரியாமல் அதைக் கரும்பலகையில் எழுதப்போக, பாதி வகுப்பு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. பெற்றோர் பிள்ளைகளைத் திட்டவில்லை. வாத்தியாரைத்தான் திட்டினார்கள்.

மேபல் மட்டும் என்ன கண்டாள்? யோவில் நகரத்தில் தோல் கையுறை தைத்துக்கொண்டிருந்தவள். ரூபன் கோம்பனைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, விருந்து மேசையில் அந்தச் சொல்லைப் போட்டு உடைத்தாள். ரூபனுடைய குவாரி மேஸ்திரி ஜெத்ரோ அன்று விருந்தாளி. கறி பஞ்சுபோல இருக்கிறதே, என்ன ஆடு இது என்று அவர் வாய்நிறையக் கேட்டார். மேபலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆடு இல்லைங்க, ராபிட். வேமத் சந்தையில புதுசா..."

அவ்வளவுதான். ஜெத்ரோ வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடினார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். மறுநாள் அவருடைய ஜமாவில் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை.

"நான் என்ன கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்?" என்று மேபல் அழுதாள்.

"கெட்ட வார்த்தைன்னா கழுவி விட்டுடலாமே," என்றாள் மாமியார் கெசையா. "எங்க வீட்டு ஆம்பளைங்க பேசாத கெட்ட வார்த்தையா?"

"அகராதியில இருக்கிற வார்த்தைதானே அத்தை?"

"தூக்குக்கயிறுன்னுகூடத்தான் அகராதியில இருக்கு. எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிறியா? கிம்பர்லின் புத்தி எங்க போகும்!"

கிம்பர்லின் என்றால் தீவுக்கு வெளியே பிறந்தவள். இங்கேயே எலும்பு மக்கினாலும் கிம்பர்லின் கிம்பர்லின்தான்.

ரூபன் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவன் சிரித்திருந்தால் மேபலுக்குப் பாதி பயம் போயிருக்கும். எந்த விஷயத்தையும் கேலி செய்கிற ஆள், அன்று மாலை தோட்டச் சுவரில் சாய்ந்து நின்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பேசினான்.

"அது மண்ணைக் குடையும். குடைஞ்சு குடைஞ்சு பாறைக்கு அடியில ஒண்ணும் இல்லாமப் பண்ணிடும். பாறை ஆட்டம் கண்டதும் முதல்ல வெளிய ஓடி வர்றது அதுதான். அது வந்தா பின்னாலயே பாறை வரும்."

"சரி. பேரைச் சொன்னா என்ன வந்துச்சு?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யார்தான் வர மாட்டாங்க?"

"அப்ப அந்த வார்த்தை எதுக்குத்தான் இருக்கு?"

"பார்த்தவன் சொல்றதுக்கு இருக்கு. குவாரியில அதைக் கண்ணால பார்த்தவன் ஒரே ஒரு தடவை கத்துவான். கேட்டவன் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடுவான். ஏன் எதுக்குன்னு நின்னு கேக்க மாட்டான். அது ஒண்ணுதான் அதுக்கு உபயோகம். மத்த நேரத்துல நீளக்காதுன்னு சொல்லு. கீழ்வீட்டு ஆடுன்னு சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பார்க்காமச் சொன்னா?"

ரூபன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு, கல்லு ஏத்த வந்த வெளியூர் வண்டிக்காரன் ஒருத்தன் விளையாட்டுக்குச் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். சாயங்காலம் அப்பாவைக் கடப்பாரை போட்டு நெம்பித்தான் எடுத்தோம்."

அதற்குப் பிறகு மேபல் அந்தச் சொல்லைத் தொடவில்லை. நம்பினாள் என்று சொல்ல முடியாது. முயலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அவளுடைய பயம் வேறு. அவளுக்கு முயலைக் கண்டு பயமில்லை, பாறையைக் கண்டுதான் பயம். அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் குவாரியின் விளிம்பு. மத்தியானம் டீத் தூக்கும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அந்த விளிம்போரமாகத்தான் போவாள். கீழே ரூபன் கட்டைவிரல் அளவுக்குத் தெரிவான். அவன் தலைக்குமேல் ஒரு மாதா கோயில் உயரத்துக்குப் பாறைச்சுவர் நிற்கும். ஒவ்வொரு நாளும் அதைத் தலையிலிருந்து அடிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அந்த வருஷம் பனி கடுமையாக இறுகி, பிறகு ஒரேயடியாக இளகியது. எங்கு பார்த்தாலும் தண்ணீர் சொட்டியது. கிழக்குச் சுவரின் தலைப்பகுதியில் ஒரு விரிசல் ஓடுவதை மேபல் பார்த்தாள். முதலில் தையல் விட்ட கையுறைபோல மெல்லிசாக இருந்தது. பிறகு அதற்குள் நிழல் விழ ஆரம்பித்தது.

"ரூபன், அந்த விரிசல் பெருசாகுது. என் கண்ணால பார்த்தேன்."

"விரிசல் இல்லாத பாறை எங்கடி இருக்கு?" என்று ரூபன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "விரிசல் இருக்கப்போய்த்தானே ஆப்பு அடிக்கிறோம், கல்லு எடுக்கிறோம்? எங்க பொழப்பே விரிசல்ல ஓடுது. நீ கையுறை தைச்சவ, ஓட்டை தெரிஞ்சா ஊசி எடுக்கணும்னு தோணும். போய் டீயைச் சூடு பண்ணு."

மறுநாள் மத்தியானம் அவள் தூக்கோடு விளிம்பில் வந்து நின்றபோது, விரிசலிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சும்மா கொஞ்சம்தான், சல்லடையில் மாவு இறங்குவதுபோல. ஒரு கூழாங்கல் உருண்டது. இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையின் தலை முன்பக்கமாக ஒரு நூல் சாய்ந்தது. கண் மயக்கமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மயக்கமில்லை. அதற்கு நேர்கீழே ரூபன் முதுகைக் காட்டிக் குனிந்து ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"ரூபன்! ஓடு! மேல பாரு!"

நீராவிக் கிரேன் புஸ்புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. சம்மட்டிச் சத்தம் வேறு. ஜெத்ரோ நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். "டீயா? வர்றோம் வர்றோம்!"

"விழப்போகுது! பாறை விழப்போகுது!"

"என்னடா ரூபன், உன் பெண்டாட்டி அரை நாள் உன்னை விட்டு இருக்க மாட்டாளா?" என்று எவனோ கூவினான். எல்லாரும் சிரித்தார்கள். குவாரியில் காலையிலிருந்து மாலை வரை 'விழுது, பாத்து, ஒதுங்கு' என்றுதான் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொற்களெல்லாம் அங்கே தேய்ந்துபோன காசு. ரூபன் வெட்கத்தில் முகம் சிவந்து, போ போ என்று அவளுக்குக் கை காட்டிவிட்டு மறுபடி குனிந்தான்.

மேபல் பாதைப் பக்கம் இரண்டடி ஓடி நின்றாள். இறங்கி ஓடினாலும் பாதை சுற்றுவழி. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கல்லை எறிந்தால் மேலே பார்ப்பார்களா? எறிய வேண்டிய கல்லைத் தேடக் குனிந்தவளின் தொண்டையிலிருந்து அது தானாக வந்தது. யோசித்துச் சொன்னாள் என்று சொல்வது பொய்.

"ராபிட்!"

கிரேன் நின்றது. அத்தனை பேரும் ஒரு மூச்சுவிடும் நேரம் சிலையாக நின்றார்கள். பிறகு சம்மட்டிகள் விழுகிற சத்தம். ஒருவன்கூட மேலே பார்க்கவில்லை, ஒருவன்கூட ஏனென்று கேட்கவில்லை. தெற்குப் பாதையை நோக்கி ஓடினார்கள். ஜெத்ரோ தொப்பி பறந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். ரூபன் கால் தடுக்கி விழுந்து, எழுந்து, ஓடினான். அவன் கடைசியாகக் கிரேனைத் தாண்டியபோது கிழக்குச் சுவர் முழுசாக வந்து உட்கார்ந்தது.

சத்தம் அடங்கிய பிறகும் தூசி அடங்க நேரமாயிற்று. மேபல் தூக்கை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பாதை முனைக்கு ஓடிப்போனாள். தூசிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக, மாவுச்சாக்கிலிருந்து எழுந்து வந்ததுபோல வெள்ளை வெளேரென்று வந்தார்கள். ரூபனும் வந்தான். யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

ஜெத்ரோ பக்கத்தில் வந்து நின்றார். முகத்துத் தூசியைக்கூடத் துடைக்காமல் கேட்டார்.

"எங்க பார்த்த?"

மேபல் நிமிர்ந்தாள். எல்லாருடைய கண்ணும் அவள் வாயில் இருந்தது. ரூபனுடைய கண்ணும்தான். நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவளுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. இவர்கள் அந்த வண்டிக்காரனைப் பற்றிப் பேசும்போது குரல் எப்படி மாறும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அந்த... விரிசல்லேர்ந்து. வந்து புல்லுக்குள்ள ஓடிடுச்சு."

"சாம்பல் நிறமா?"

"ஆமா. சாம்பல்."

"அதேதான்," என்றார் ஜெத்ரோ. பாதி வழுக்கையான தலையைக் குனிந்து, ராணியை வணங்குவதுபோல அவளை வணங்கினார்.

அதற்கப்புறம் மேபலுக்கு நடந்த உபசாரத்தைக் கேட்க வேண்டுமா? வாசலில் பன்றிக்கொழுப்புக் கேக்காக வந்து குவிந்தது. சபையில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார். கெசையா ஊர் முழுக்க 'எங்க மேபல், எங்க மேபல்' என்று தண்டோரா போட்டாள். கிம்பர்லின் என்ற சொல் அந்த வீட்டை விட்டே போய்விட்டது. ரூபன் தனியாக இருக்கும்போது அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "உன் கண்ணு இல்லைன்னா நான் இல்லடி," என்றான். மேபலுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ குடைந்துகொண்டும் இருந்தது.

பிறகுதான் காலை வேளைகள் தொடங்கின. வேலைக்கு இறங்கும் முன்னால் ஜமா முழுக்க அவள் சமையலறை ஜன்னலோரம் வந்து நின்றது.

"என்ன மேபல்? ஏதாவது?" என்பார் ஜெத்ரோ.

அவள் இல்லையென்று தலையசைப்பாள். அவர்கள் நிம்மதியாக இறங்குவார்கள். ஜன்னலை மூடி வைத்துப் பார்த்தாள், கதவைத் தட்டினார்கள். தலைவலி என்று படுத்துப் பார்த்தாள், கெசையாவை அனுப்பிக் கேட்டார்கள்.

"நீங்களே ஒரு தடவை சுவரைப் பார்த்துட்டு இறங்கக்கூடாதா?" என்று ஒருநாள் கெஞ்சினாள்.

"எங்களுக்கு எதுக்கும்மா அந்த வேலை? நீ பார்க்கலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்," என்றார் ஜெத்ரோ. பழைய நாளில் கடப்பாரையால் பாறையைத் தட்டி ஓசை கேட்டுவிட்டு இறங்குகிற மனிதர், இப்போது அதைக்கூட விட்டுவிட்டார். தன்னுடைய ஒரு தலையசைப்பில் இத்தனை பேர் பாறைக்கு அடியில் போய் நிற்கிறார்கள் என்று நினைக்க நினைக்க மேபலுக்குச் சோறு இறங்கவில்லை.

இடிபாடுகளை ஒதுக்கிவிட்டு ஜமாவை மேற்குச் சுவருக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு விரிசல் இருந்தது. கிழக்கில் பார்த்தது இதற்குப் பிள்ளை. மழை பெய்த மறுநாள் அதற்குள் ஒரு ஆள் தோளை நுழைக்கலாம்போல இருந்தது.

"ரூபன், மேற்குச் சுவர் நிக்காது."

"அது வந்துச்சா?"

"வரல. ஆனா விரிசல்..."

"அது வராம எதுடி விழும்?" அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். "நீ பார்த்தா சொல்லு. அதுவரைக்கும் நிம்மதியா இரு."

இன்னொரு பொய் சொல்லலாம். மேபல் அதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தேன் என்று கத்தினால் அன்றைக்கு ஓடி வருவார்கள். பாறை அன்றைக்கு விழாவிட்டால் மறுநாள் இறங்குவார்கள். மறுபடி கத்த வேண்டும். நாலாவது முறை எவன் ஓடுவான்? அந்தச் சொல்லும் 'பாத்து, ஒதுங்கு' என்பதுபோலத் தேய்ந்துபோகும். பிறகு கூப்பிட வேறு சொல் கிடையாது. உண்மையைச் சொன்னால் ரூபன் விரிசலை நம்புவான் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னைக் காப்பாற்றியது முயல் இல்லை, விரிசலைப் பார்த்த கண்தான் என்று தெரிந்தால், அந்தக் கண் இப்போது சொல்வதையும் கேட்பான் அல்லவா? அவன் அவள் புருஷன். அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். கெசையா கோழிகளுக்குத் தீனி போட வெளியே போயிருந்தாள்.

"அன்னிக்கு நான் நீளக்காதைப் பார்க்கல ரூபன். எதையுமே பார்க்கல. மண்ணு உதிர்றதைத்தான் பார்த்தேன், பாறை சாயறதைத்தான் பார்த்தேன். என்ன கத்தியும் நீங்க யாரும் கேக்கல. அதான் அதைச் சொன்னேன். இப்ப மேற்க இருக்கிறது அதைவிட மோசம். என் பேச்சைக் கேளு, இன்னிக்கு இறங்காத."

ரூபன் கோப்பையை மெதுவாக வைத்தான்.

"பார்க்கல?"

"பார்க்கல."

"பார்க்காமச் சொன்ன."

"வேற என்ன பண்ணச் சொல்ற? நான் சொல்லலைன்னா நீ இன்னிக்கு இல்ல!"

"நீ சொல்லலைன்னா அது விழுந்தே இருக்காது, மேபல்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கோபப்பட்டு அவள் பார்த்திருக்கிறாள். குடித்துவிட்டு உளறியும், அப்பாவை நினைத்து அழுதும் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியை அவன் ஓசைப்படாமல் பின்னால் நகர்த்தினான். அவளிடமிருந்துதான் நகர்கிறான் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரூபன், நான்தான்டா. நான் மேபல்."

அவன் பையை எடுத்தான். அவள் சட்டைக் கையைப் பிடித்ததும் சூடு பட்டவன்போல உதறினான்.

"எங்க போற?"

"வேலைக்கு."

"அந்தச் சுவருக்கு அடியிலயா? இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமா?"

"பாறை அதுபாட்டுக்கு நிக்குது. எனக்கு இங்க உக்காரத்தான் பயமா இருக்கு." கதவருகே நின்று, திரும்பாமலே பேசினான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா உன்னை உயிரோட விட மாட்டாங்க. ஆனா இனிமே குவாரிப் பக்கம் வராத. கத்தாத. நீ கத்தினா அவங்க ஓடலாம். நான் ஓட மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஜெத்ரோவின் குரல் கேட்டது.

"என்ன ரூபன், உள்ள ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. இறங்கலாம்."

பூட்ஸ் கால்கள் சரளைக் கல்லில் இறங்கிப்போகும் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. மேபல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்கதவு வழியாக ஓடினாள். கெசையா ஏதோ கேட்டது காதில் ஏறவில்லை. மேற்கு விளிம்பில் ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே ரூபன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி, முதல் ஆப்பை எடுத்தான்.

கத்திவிடுவோமோ என்று பயந்து அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் அவன் வேண்டுமென்றே நிற்பான். கத்தாவிட்டாலும் நிற்கிறான். தான் அன்று சொன்னதனால்தான் கிழக்குச் சுவர் விழுந்ததோ என்று முதல்முறையாக அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்ததும் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். விரிசலைப் பார்த்தாள். அதன் இருட்டுக்குள் கண்ணை ஊன்றிப் பார்த்தாள். சாம்பலோ பழுப்போ, ஏதாவது ஒன்று அதற்குள்ளிருந்து ஓடி வரட்டும். ஜெத்ரோ தன் கண்ணால் பார்க்கட்டும், தன் வாயால் கத்தட்டும், ரூபன் ஓடட்டும். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போயும் மனசார ஜெபித்தறியாத மேபல், கைக்குள் மூடிய வாயால் அதனிடம் கெஞ்சினாள். வெளியே வா, வெளியே வா, ஒரே ஒரு தடவை வெளியே வா.

மண் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.